'ஜாம் ஆனா தானா நின்னுரும்': டிரில்லிங் மெஷின் பெட்டியில் இருக்கும் ஒரு வாக்குறுதி பற்றி

டிரில்லிங் மெஷின் வாங்கக் கடைக்குப் போனால் இப்போது ஒரு புதுப் பெயர் காதில் விழும். பாஷ் அதை 'கிக்பேக் கண்ட்ரோல்' என்கிறது. ஹில்டிக்கு அது 'ஆக்டிவ் டார்க் கண்ட்ரோல்', சுருக்கமாக ஏடிசி. மக்கீட்டாவில் ஏஎஃப்டி, மில்வாக்கியில் 'ஆட்டோஸ்டாப்', டிவால்ட்டில் 'ஆன்ட்டி ரொட்டேஷன் சிஸ்டம்'. பேர்தான் வேற வேற, விஷயம் ஒண்ணுதான். பிட்டு சுவருக்குள் மாட்டிக்கொண்டு, மெஷின் உங்கள் கையைத் திருக ஆரம்பித்தால், உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் அதைக் கண்டுபிடித்து மோட்டாரை நிறுத்திவிடும்.

நான் மென்பொருள் ஆள். பழைய காப்புரிமை ஆவணங்களைத் தோண்டிப் படிப்பது ராத்திரி பொழுதுபோக்கு. இந்த விஷயத்தில் கொஞ்சம் ஆழமாகப் போனதற்குக் காரணம், இதில் பாதி வேலை எங்கள் துறை சார்ந்தது: ஒரு சென்சார், ஒரு கணக்கு, ஒரு எல்லைக்கோடு, ஒரு முடிவு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பம் உண்மையிலேயே நல்லது. அதை விற்கிற விதம் சரியில்லை. ரொம்பத் தேவைப்படுகிற கைகளுக்கு அது போய்ச் சேரவும் இல்லை.

முதலில் ஜாம் ஆகும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நம் ஊரில் ஜாம் ஆவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கான்கிரீட்டில் கம்பி இருக்கும். பிட்டின் கார்பைடு முனை கம்பியின் ஓரத்தில் ஆப்பு மாதிரிச் செருகிக்கொள்ளும். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய வீடுகளில் வெட்டுகல் சுவர். அதில் மெத்தென்று இறங்கிக்கொண்டிருக்கும் பிட்டு திடீரென்று ஒரு கெட்டி முடிச்சில் போய் மாட்டும். கருங்கல் என்றால் கேட்கவே வேண்டாம். (நம்ம பக்கத்துக் கருங்கல்லில் நிறைய சார்னோக்கைட். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை வைத்து வந்த பெயர் அது. அந்தக் கல்லே சென்னைப் பக்கத்தில் இருந்து போனதுதான். சரி, விஷயத்துக்கு வருவோம்.)

26 மிமீ வகை ஹேமர் மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 900 சுற்று சுற்றும். நொடிக்கு 15 சுற்று. பிட்டு சுவருக்குள் இறுகி நின்றுவிட்டால் அந்தச் சுற்று எங்கே போகும்? பிட்டு நிற்கிறது, ஆகவே மெஷினின் உடம்பு எதிர்ப்பக்கமாகச் சுற்றப் பார்க்கும். அதைத் தடுத்து நிற்பது உங்கள் மணிக்கட்டு மட்டும்தான். 'விரலை எடுத்துருவேன்' என்று சொல்கிறவர்கள் உண்டு. மனிதன் உணர்ந்து விரலை எடுக்க 0.2 நொடி ஆகும். முழு வேகத்தில் அதற்குள் 3 சுற்று முடிந்திருக்கும். கை தடுப்பதால் அவ்வளவு சுற்றாது. ஆனால் கை தடுப்பதுதானே இங்கே பிரச்சினையே!

இன்னொரு கணக்கு. மோட்டாரின் உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் ஒரு 350 கிராம், 36 மிமீ விட்டம், நிமிடத்துக்கு 20,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். தோராயமான அளவுகள்தான், ஆனால் நடைமுறைக்குப் பக்கத்தில் இருப்பவை. அதில் சேர்ந்திருக்கும் சுழல் ஆற்றல் 120 ஜூலுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஆறு கிலோ குழவிக்கல் 2 மீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தால் வருகிற ஆற்றல் அது. இதில் கவனிக்க வேண்டியது, இந்த 120 ஜூல் ஏற்கெனவே மெஷினுக்குள் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் அது இருக்கும். ஜாம் ஆன அந்த நொடியில் கியர் வழியாக அது வெளியே வரத்தான் செய்யும்.

கரண்ட்டை நிறுத்துவதும் மெஷினை நிறுத்துவதும் ஒன்றல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிது.

இந்தப் பிரச்சினையைத் தீர்க்க எலக்ட்ரானிக்ஸைக் கூப்பிட்டது நேற்று இன்று இல்லை. 1981-லேயே பிளாக் அண்ட் டெக்கர் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறது. அவர்கள் அறிகுறியை மோட்டாரிடமே தேடினார்கள். எவ்வளவு சுமை என்பதை விட, சுமை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்ப்பது. மெதுவாக ஏறினால் கடினமான வேலை; சடாரென்று ஏறினால் ஜாம். அழகான யோசனை. ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. மோட்டாருக்குத் தன் கஷ்டம் மட்டும்தான் தெரியும். பிடித்திருக்கிறவர் கெட்டியாகப் பிடித்திருக்கிறாரா, கை திரும்பிவிட்டதா என்பது அதற்குத் தெரியாது. பிட்டு ஒரு நொடி திணறி, பிடித்திருந்தவர் சமாளித்து, வேலை தொடர்ந்து நடக்கிறது என்றால் அங்கே நிறுத்தத் தேவையே இல்லை. தேவையில்லாமல் நிறுத்துகிற மெஷினை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

1990-களின் நடுவில் ஹில்டி கேள்வியையே மாற்றிக் கேட்டது. எனக்குப் பிடித்த காப்புரிமை இதுதான். மோட்டாரைக் கேட்காதே, உடம்பைக் கேள். மெஷினின் உடம்பில் ஒரு முடுக்கமானியை வைத்து, அதன் அளவைத் தொகையிட்டு, 'இப்போது எவ்வளவு திரும்பியிருக்கிறது' என்பதோடு நிற்காமல் 'இன்னும் சிறிது நேரத்தில் எவ்வளவு திரும்பியிருக்கும்' என்று முன்கூட்டியே கணிப்பது. அந்தக் கணிப்பு, அனுமதித்த கோணத்தைத் தாண்டினால் உடனே நிறுத்து. கையில் பிடித்திருப்பவர் சமாளித்துவிட்டால் கணிப்பு எல்லைக்குள்ளேயே இருக்கும், வேலை நிற்காது. இரண்டு தரப்புக்கும் நியாயம் செய்கிற கணக்கு இது. ஜூனியர் பையன்களுக்கு 'எதை அளக்கிறோம் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி நிரல்' என்று சொல்லிக்கொடுக்க இதைத்தான் காட்டுவேன்.

அப்புறம் 2000-களில் பிளாக் அண்ட் டெக்கர் மறுபடி வந்தது, இந்த முறை சுழற்சி வேகத்தை நேரடியாக அளக்கும் சென்சாரோடு. செல்போனில் வீடியோ எடுக்கும்போது கை நடுக்கத்தைச் சரிசெய்ய இருக்கிறதே, அந்த ஜைரோ வகைதான். காரும் செல்போனும் சேர்ந்து அந்தச் சில்லை மலிவாக்கிவிட்டன. இன்றைக்குக் கண்டுபிடிக்கும் வேலை பெரிய சவாலே இல்லை.

சவால் கண்டுபிடித்த பிறகு. இங்கேதான் விளம்பரம் வாயை மூடிக்கொள்கிறது.

பேட்டரியில் ஓடும் பிரஷ்லெஸ் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குப் போகிற ஒவ்வொரு துளி கரண்ட்டும் மாஸ்ஃபெட் சுவிட்சுகள் வழியாகப் போகிறது. நிறுத்து என்றால் மைக்ரோசெகண்டில் நிறுத்தலாம். அதைவிட முக்கியம், வைண்டிங்கைக் குறுக்கே இணைத்து மோட்டாரையே பிரேக்காக மாற்றலாம். அந்த ஆற்றலில் ஒரு பெரிய பங்கு கைக்கு வராமல் காயிலுக்குள்ளேயே சூடாகப் போய்விடும்.

வயரில் ஓடும் சாதாரண மெஷினில் கதை வேறு. அதில் இருப்பது பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார், வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு ட்ரையாக். ட்ரையாக்கை ஒரு தடவை 'ஆன்' செய்துவிட்டால் கரண்ட் பூஜ்ஜியத்தைத் தொடும்வரை அதை அணைக்க முடியாது. நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டில் அதற்கு 10 மில்லிசெகண்ட் வரை காத்திருக்க வேண்டி வரலாம். 900 சுற்றில் 10 மில்லிசெகண்ட் என்பது 54 டிகிரி. அதற்குப் பிறகும் அந்த 120 ஜூல் அப்படியே பாக்கி. பிரேக் கிடையாது. ஆகவே வயர் மெஷினில் கையைக் காப்பாற்றும் பெரும்பங்கு வேலையைச் செய்வது எலக்ட்ரானிக்ஸ் அல்ல, பழைய மெக்கானிக்கல் கிளட்ச். ஸ்பிரிங் அழுத்திப் பிடித்த பல் தட்டுகள், முறுக்கம் ஓர் அளவைத் தாண்டினால் வழுக்கும். ஹேமர் மெஷின் மாட்டும்போது 'டக டக டக' என்று ஒரு சத்தம் கேட்கும் பாருங்கள், அதுதான். பாஷ் தன் ஜிபிஎச் 2-28 என்ற வயர் மெஷினில் கிக்பேக் கண்ட்ரோல் வைத்திருக்கிறது. அதிலும் கிளட்ச்சை எடுத்துவிடவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வேலை. ஆனால் பெட்டியின் மேல் பெருமையாக எழுதப்படுவது ஒன்றுதான். இத்தனை வருஷம் உழைத்த கிளட்ச்சுக்கு ஒரு ஓரத்தில்கூட இடமில்லை.

கிளட்ச் மட்டும் போதுமா என்றால், போதாது. பெரிய பிட்டுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பதால் அதன் வழுக்கும் அளவைத் தாழ்வாக வைக்க முடியாது. 40 நியூட்டன் மீட்டரில் வழுக்குகிறது என்று வைத்துக்கொண்டால், அச்சில் இருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் பக்கக் கைப்பிடியில் அது 20 கிலோ எடை இழுப்பது போல. பக்கக் கைப்பிடி இல்லாமல் 10 சென்டிமீட்டரில் பின்பிடியை மட்டும் பிடித்திருந்தால் 40 கிலோ. இந்த ஒரு கணக்கைச் சொல்லாமல் எத்தனை 'கண்ட்ரோல்' பற்றிச் சொன்னாலும் பயனில்லை. மலிவான 13 மிமீ இம்பாக்ட் டிரில்களில் பெரும்பாலும் அந்தக் கிளட்ச்சும் கிடையாது. சாவி போட்டு இறுக்குகிற சக், நேரடிக் கியர், அவ்வளவுதான். போதாக்குறைக்கு ட்ரிகரை அமுக்கியபடி பூட்டி வைக்கிற லாக் பட்டன் வேறு. சுவர் துளைக்கிற மெஷினில் அந்தப் பட்டன் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஜாம் ஆகி, கையை விட்டு நழுவி, தன் வயரைத் தானே சுற்றிக்கொண்டு மெஷின் ஓடிக்கொண்டே இருப்பதற்கு ஏற்பாடு செய்து வைத்த மாதிரி இருக்கிறது.

இப்போது நல்ல மெஷினுக்கே திரும்புவோம். ஜைரோ இருக்கிறது, பிரேக் இருக்கிறது, கிளட்ச் இருக்கிறது. இனி பயமில்லையா?

கோணத்தை வைத்து முடிவெடுக்கும் எந்தக் கணக்கும், கொஞ்சம் திரும்ப விட்டுத்தான் நிறுத்தும். திரும்பினால்தானே அதற்கு விஷயம் தெரியும். தரையில் இரண்டு காலையும் அகட்டி நிற்கிறவருக்கு அந்தக் கொஞ்சம் ஒரு வெட்டு வெட்டியது போல இருக்கும், அவ்வளவுதான். ஏணியின் ஏழாவது படியில், ஒரு கையால் ஏணியையும் மறு கையால் மெஷினையும் பிடித்திருக்கிறவருக்கு அதே வெட்டு போதும். மணிக்கட்டு தப்பும், ஆள் கீழே. இதை நான் எங்கள் வீட்டில் ஏசி மாட்ட வந்த தம்பியிடம் பேசிப் பார்த்தேன். பக்கக் கைப்பிடியைப் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் பிடிக்கலாமே என்றேன். சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஏணில நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் மெஷினுக்குக் குடுத்தா, நம்மள எவன் பிடிப்பான் அண்ணாச்சி?" எனக்குப் பதில் இல்லை. லிக்டன்ஸ்டைனிலோ ஜெர்மனியிலோ உட்கார்ந்து அந்த எல்லைக்கோட்டைப் போட்ட பொறியாளருக்கும் பதில் இருந்திருக்காது. அவர் கணக்கில் காலுக்குக் கீழே தரை இருக்கிறது.

இன்னொரு குருட்டுப் புள்ளி இதைவிட மோசம். தூணுக்கும் சுவருக்கும் நடுவில் இடுக்கில் நின்று துளை போடுகிறீர்கள். ஜாம் ஆகிறது, மெஷின் திரும்புகிறது, கைப்பிடி உங்கள் விரல்களோடு சேர்த்துத் தூணில் போய் முட்டுகிறது. பத்து டிகிரிகூடத் திரும்பியிருக்காது. ஜைரோவைப் பொறுத்தவரை உடம்பு சுற்றவில்லை, எல்லாம் அமைதி. மோட்டாரோ முழு முறுக்கத்தோடு விரலை நசுக்கிக்கொண்டிருக்கும். இந்த இடத்தில் 1981-ன் பழைய யோசனைதான், அதாவது மோட்டாரின் திணறலைப் பார்ப்பதுதான், காப்பாற்ற வேண்டும். நல்ல வடிவமைப்பு இரண்டையும் சேர்த்துப் பார்க்கும். கையில் இருக்கிற மெஷின் அப்படிப் பார்க்கிறதா என்று வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? நான் புரட்டிப் பார்த்த பெட்டிகளிலும் கையேடுகளிலும் இல்லை. 'மெஷின் எதிர்பாராமல் திரும்பினால் நின்றுவிடும்' என்ற தோரணையில் இரண்டு வரி, ஒரு குட்டிப் படம். எத்தனை டிகிரியில், எத்தனை மில்லிசெகண்டில் என்று ஓர் எண்கூடக் கிடையாது.

வீட்டு மெயின் பெட்டியில் இருக்கிற ஆர்சிசிபியைப் போய்ப் பாருங்கள். அதுவும் ஓர் உயிர்காக்கும் தானியங்கி நிறுத்திதான். அதன் முகத்திலேயே 30 மில்லிஆம்பியர் என்று எழுதியிருக்கும். அந்த அளவு கசிவு வந்தால் 300 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும், ஐந்து மடங்கு வந்தால் 40 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும் என்று சர்வதேசத் தரம் சொல்கிறது. பக்கத்திலேயே 'டி' என்று ஒரு குட்டிப் பட்டன். அமுக்கினால் டப் என்று விழும். விழாவிட்டால் கெட்டுப்போச்சு, மாத்து. எட்டாம் வகுப்புப் பையன்கூடச் சோதிக்கலாம். இந்த ஒழுக்கத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட டிரில்லிங் மெஷினுக்கு வரவில்லை. பிட்டைக் கழற்றிவிட்டு, காற்றில் ஓடவிட்டு, சடாரென்று மணிக்கட்டைத் திருப்பினால் ஜைரோ வகை நிற்க வேண்டும் என்று ஒரு சோதனையை நாமே செய்து பார்க்கலாம். ஆனால் சுமையையும் சேர்த்துப் பார்க்கும் கணக்காக இருந்தால் வெறும் காற்றில் நிற்காமலும் போகலாம். அப்போ கெட்டதா, சரியாக இருக்கிறதா? தெரியாது. ஒரு டெஸ்ட் பட்டன் வைப்பதில் என்ன கஷ்டம் என்று நிரல் எழுதுகிறவனாகக் கேட்கிறேன். உள்ளே பிராசஸர் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, சிலதில் ப்ளூடூத்கூட இருக்கிறது. சென்சார் நலமா என்று ஒரு பச்சை விளக்கு காட்டுவது ஒரு வார வேலை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் விட முடியாது. கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1996-ல் வந்த மத்தியச் சட்டமே பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களையும், 10 லட்சத்துக்கு மேல் போகாத சொந்த வீட்டு வேலையையும் வெளியே விட்டுத்தான் எழுதப்பட்டது. ஏசி மாட்டுவது, தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் மாட்டுவது, கேமரா மாட்டுவது, திரைச்சீலைக் கம்பி மாட்டுவது எல்லாமே ஒருத்தரோ ரெண்டு பேரோ பைக்கில் வந்து செய்துவிட்டுப் போகிற வேலைகள். ஊரில் போடப்படும் துளைகளில் பெரும்பகுதி இப்படித்தான் போடப்படுகிறது என்பது என் ஊகம். பாதுகாப்பு அதிகாரி, ஹெல்மெட், பயிற்சி எல்லாம் பெரிய சைட்டுகளுக்கு. அங்கேதான் ஏடிசி போட்ட மெஷினும் இருக்கும்.

நாகர்கோவிலில் ஒரு வாடகைக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வயர் மெஷின்கள். பக்கக் கைப்பிடி இருந்தது இரண்டில் மட்டும். மற்றதெல்லாம் எங்கே என்றால் "உள்ள எங்கயாவது கெடக்கும், யாரும் கேக்க மாட்டாங்க." ஒரு மெஷினைப் பிடித்து, கிளட்ச் கடைசியாக எப்போது பார்த்தது என்று கேட்டேன். பிரஷ் தேய்ந்தால் மாற்றுவார்களாம், கிளட்ச்சைத் திறந்ததே இல்லையாம். ஓடுகிறதல்லவா, அப்புறம் எதற்கு. வாடகைக் கடையில் மெஷினின் ஆரோக்கியம் என்றால் அது சுற்றுகிறதா என்பதுதான். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கிறதா என்பது எந்தக் கணக்கிலும் வராது.

கடைக்காரர் நல்ல மனுஷன். ஜாம் ஆனால் தானாக நிற்கும் மெஷின் ஒன்று வாங்கி வைக்கலாமே என்று இழுத்தேன். அவருக்கு அது புதுச் செய்தி இல்லை.

"ஒண்ணு வாங்கினேன் அண்ணாச்சி. ரெண்டு மாசம் ஓடிச்சு. அடிக்கடி நிக்கு, வேல ஓட மாட்டேங்குன்னு கொண்டுவந்து போட்டுட்டுப் போயிட்டானுவ. இப்ப ஒருத்தனும் அத எடுக்க மாட்டேங்கான்."

அந்த மெஷினையும் கையேட்டையும் வாங்கிப் பார்த்தேன். எத்தனை டிகிரியில் அது நிற்கிறது என்று அதிலும் இல்லை.